அவள் சொல்ல வேண்டிய பதில்

எட்டு வருடங்களுக்கு முன், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நடந்தது இது. அப்போது நானும் என் தோழியும் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தோம். என் அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. அம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றார். தோழிக்கு அப்பா இல்லை. அவள் அம்மா தொழிற்பேட்டையில் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் லைனில் இருந்தார்.

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரு போகிற வழியில் ஒரு பார்மசி கல்லூரி. ஓர் அறக்கட்டளை மூலமாகச் சில பேருக்கு அங்கே கட்டணமில்லாத சீட் உண்டு, அதற்கு இன்டர்வியூ வைப்பார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் விண்ணப்பித்தோம். சீட் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் கம்பெனி வேலை. இரண்டு வீட்டிலும் அதுதான் நிலைமை.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து தயாரானோம். நான் இங்கிலீஷ் மீடியம், அவள் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். அந்தத் திமிரில் நானே பரீட்சை வைப்பவளாகிவிட்டேன். துப்பட்டாவைப் புடவை முந்தானை மாதிரி போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடி இல்லாத குறையாக அவளை மிரட்டுவேன். செல்போனில் பார்த்து எழுதிவைத்த கேள்விகளில் முக்கியமானது, "ஏன் பார்மசி படிக்க விரும்புகிறாய்?" என்பது. என்னிடம் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. சமுதாயத்துக்குச் சேவை செய்ய வேண்டுமாம். செல்போன் சொன்னதை நானும் சொன்னேன்.

அவள் தமிழில் சொன்னாள். "எங்கம்மா நாள் பூரா மாத்திர அட்டையத்தான் பாக்குறாங்க. எந்தக் குழி காலியா வருதுன்னு பாத்து எடுத்துப் போடணும், அதான் வேல. வீட்டுக்கு ஒரு அட்ட வாங்கிட்டு வந்தாலும் கட்ட வெரலால தடவிப் பாத்துட்டுதான் வெப்பாங்க. ஆனா எது எந்த நோவுக்குன்னு ஒன்னுகூட தெரியாது. 'இது எதுக்கு பாப்பா?'ன்னு எங்கிட்ட கேப்பாங்க. எனக்கும் தெரியாது. அவங்களுக்குச் சொல்றதுக்காச்சும் படிக்கணும்டி."

என் பதில் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. காட்டிக்கொள்ளாமல், "நல்லாத்தான் இருக்கு, ஆனா இங்கிலீஷ்ல சொல்லணும்" என்று டீச்சர் தோரணையில் சொன்னேன். பிறகு நானே உட்கார்ந்து அதை வரிவரியாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு நாக்குப் புரள நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் நானும் கூடவே சொல்லிச் சொல்லி, அவளைவிட எனக்குத்தான் அது நன்றாக மனப்பாடம் ஆகியிருந்தது.

இன்டர்வியூ அன்று அவளுக்கு முன்னால் என் பெயர் வந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பையன். உள்ளே ஒரு அம்மாவும் இரண்டு ஐயாக்களும் இருந்தார்கள். எதிர்பார்த்த கேள்வி வந்தது. சமுதாயச் சேவையை எடுத்துவிட்டேன். ஓர் ஐயா சிரித்துவிட்டார். காலையிலிருந்து வந்த எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள், உண்மையான காரணத்தைச் சொல்லம்மா என்றார் ஆங்கிலத்தில்.

எனக்கு உண்மையான காரணம் எதுவும் இல்லை. மாவு மெஷின் சத்தத்திலிருந்து தப்பித்தால் போதும் என்பதுதான் காரணம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. வாயில் வந்தது அவளுடைய பதில். என் அம்மா பேக்கிங் லைனில் இருக்கிறார் என்று ஆரம்பித்தேன். கட்டைவிரலைக்கூட விடவில்லை. இன்டர்வியூ எடுத்த அந்த அம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்தேன். வெட்கக்கேடு என்னவென்றால், அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

வெளியே வந்தபோதுதான் உறைத்தது. அந்தப் பையன் உள்ளே போய்விட்டான். அவன் திரும்பி வரப் பத்து நிமிடமாவது இருந்தது. "உன் பதிலை நான் சொல்லிட்டேன், நீ வேற ஏதாவது சொல்லு" என்று சொல்ல அந்த நேரம் தாராளம். தோழி எழுந்து வந்து, "எப்பிடி கேக்குறாங்கடி?" என்றாள். "ஈஸிதான், பயப்படாத" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். பதிலைத் திருடியதைவிட, அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் அதிகம் வருந்துகிறேன்.

அவள் சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள். இருவரும் பஸ் ஏறினோம். அத்திப்பள்ளி தாண்டி வண்டிகள் நெரிசலில் நின்றபோது, முன்சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உனக்கு முன்னாடி வந்த பொண்ணும் இதத்தான் சொன்னா, ரெண்டு பேரும் ஒரே எடத்துல மனப்பாடம் பண்ணீங்களான்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணோட அம்மாவும் நெசமா பேக்கிங்லதான் இருக்காங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னு சொல்லிட்டேன். இல்லன்னா உன்ன வெளிய அனுப்பிருப்பாங்க."

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த வாரம் எனக்குச் சீட் கிடைத்ததாகத் தகவல் வந்தது. அவளுக்கு வரவில்லை. என் அம்மா காம்பவுண்டுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தார். அவளும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு, "நல்லா படிடி" என்றாள். அந்தச் சந்தோஷக் கூட்டத்தில் எப்படிக் கேட்பது என்று அன்றும் தள்ளிப்போட்டேன்.

அவள் செல்போன் உதிரிபாகங்கள் செய்கிற கம்பெனியில் சேர்ந்தாள். பிறகு கெலமங்கலத்தில் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். தீபாவளி, பொங்கலுக்கு இன்றும் போனில் பேசுவோம். அந்த நாளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை எடுத்ததில்லை. எடுத்துத் தொலைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் இப்போது ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பார்மசிஸ்ட். போன வருடத்திலிருந்து தோழியின் அம்மா சர்க்கரைக்கு மாத்திரை வாங்க என் கவுன்டருக்கு வருகிறார். வேலையிலிருந்து நின்று வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் அட்டையைக் கையில் கொடுத்ததும் கட்டைவிரல் தானாக ஒவ்வொரு குழியாகத் தடவிப் பார்க்கும். அப்புறம் கேட்பார், "இது எதுக்கு கண்ணு?"

எது சாப்பாட்டுக்கு முன், எது பின், எதைப் போட்டால் தலைசுற்றும் என்று நிதானமாகச் சொல்வேன். "எம்பொண்ணு படிச்சிருந்தா இத அவளே சொல்லிருப்பா. பரவால்ல, நீயும் எனக்குப் பொண்ணுதான்" என்றார் போன மாதம். அவருக்கு ஒன்றும் தெரியாது. மகள் இதுவரை சொல்லவில்லை.

அவர் மாதாமாதம் வருகிறார். அவருடைய மகள் சொல்ல ஆசைப்பட்டதையெல்லாம் நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மகளிடம் நான் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் எட்டு வருடமாக இன்னும் சொல்லவில்லை.