ஷேன் நிற்கும் இடம்

புல்வெட்டும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறார் பிரெண்டன். நாலு எட்டு முன்னால் நடந்து, வலது கையை இடுப்பு உயரத்தில் வீசி, "தள்ளு மச்சான், தள்ளு" என்கிறார். திரும்பி வந்து ஏறி, அந்த நாலு எட்டை மட்டும் வெட்டுகிறார். மறுபடி இறங்குகிறார். ஆஸ்திரேலியாவின் இங்கம் ஊர் ரக்பி மைதானத்தை இரண்டு மணி நேரத்தில் வழித்துவிடுகிற மனிதர். இப்போதெல்லாம் சர்க்கரை ஆலையில் மதியச் சங்கு ஊதும்போது பாதிகூட முடிந்திருப்பதில்லை.

ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற பயம்தான்.

ஆப்கானிஸ்தானில் மண்ணுக்குள் புதைத்த வெடியைத் தேடுவது அவருடைய ராணுவ வேலை. தேடுகிறவன் முன்னால் போவான். மற்றவர்கள் அவன் கால் பட்ட இடத்தில்தான் கால் வைப்பார்கள். ஒரு காலை பிரெண்டன் ஒரு வழியைத் தேடி முடித்து, "சுத்தம், வாடா" என்றார். கூட்டாளி ஷேன் வந்தான். ஒரு சாண் இடம் விட்டுப்போயிருந்தது.

அதற்கப்புறம் பதினோரு வருடமாக, செத்துப்போன ஷேன் இந்த மைதானத்தின் வடக்குக் கம்பத்தருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்த இடத்தை மட்டும் விட்டுச் சுற்றி வெட்டுவார் பிரெண்டன். "எங்க நிக்கிறான்னு தெரியுதுல்ல, அது போதும்" என்பார். பகலில் ஒரு தொல்லையும் கிடையாது. எல்லாம் தூக்கத்தில்தான். போன மார்ச்சில் ஒருநாள் திடுக்கிட்டு விழித்தபோது, மனைவி ரேலீனின் கழுத்து அவருடைய இரண்டு கைகளுக்குள் இருந்தது.

டவுன்ஸ்வில் டாக்டர் குவெட்டியாபின் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார். பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் படித்துவிட்டு பிரெண்டன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"மனச்சிதைவுக்குன்னு போட்டிருக்கான். என்னைப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டாங்க."

"எதுக்குன்னு போட்டிருந்தா என்ன, முழுங்கு. எனக்குக் கழுத்து வேணும்" என்றார் ரேலீன்.

மாத்திரை வேலை செய்தது. இல்லை என்று சொன்னால் பாவம். ராத்திரி அலறல் நின்றது. பக்கத்து அறையில் படுத்துக்கொண்டிருந்த ரேலீன் பழைய கட்டிலுக்கே வந்துவிட்டார். காலை பத்து மணிவரை தலைக்குள் ஈரச் சாக்கை அடைத்த மாதிரி இருக்கும். பசியோ சொல்லி மாளாது, நின்றபடியே ஒரு பாக்கெட் ரொட்டியைத் தின்றுவிடுவார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்.

ஜூனில் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். ஒரு திங்கட்கிழமை கம்பத்தருகே ஷேன் இல்லை.

வேறு ஆளாக இருந்தால் விட்டது சனியன் என்றிருப்பார். இவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். "அவன் போகல. என் கண்ணுக்குத்தான் தெரியல. இனிமே எங்க நிக்கிறான்னு எப்படிக் கண்டுபிடிப்பேன்?" மைதானம் முழுவதுமே ஷேன் நிற்கக்கூடிய இடமாகிவிட்டது. இந்த ஏறி இறங்கும் கூத்து அன்றுதான் தொடங்கியது. ரேலீன் இதை ஒருநாளும் நம்பியதில்லை. "உன் மூளையில நிக்கிறான், புல்லுல இல்ல" என்பார்.

போன வியாழக்கிழமை மைதானத்துக்குத் தேநீர் கொண்டுவந்த ரேலீனிடம் பிரெண்டன் வாய்விட்டுச் சொன்னார்: "ஒரு வாரம் மாத்திரைய நிறுத்திப் பாக்கறேன். அவன் நிக்கிற எடத்த மட்டும் பாத்துட்டா, மறுபடி ஆரம்பிச்சுடுவேன்."

"அந்த ஒரு வாரம் நான் எங்க படுக்கறது?"

"உங்க அக்கா வீட்டுல."

"போனா வரமாட்டேன் பிரெண்டன். மிரட்டல. உன்னைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்."

பிரெண்டன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாம அவன் மேல ஏத்திட்டா? நான்தானே அவனை வான்னு கூப்பிட்டேன்."

ரேலீன் குடுவையைப் புல்லில் வைத்தார். "வண்டில ஏறு. நான் முன்னால போறேன். என் கால் பட்ட எடத்துல மட்டும் வா."

அவர் நடந்தார், வண்டி பின்னால் போனது. ஒரு வரிசை முடிந்தது, இரண்டு முடிந்தது. இறங்காமல் இவ்வளவு தூரம் பிரெண்டன் வெட்டி ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்.

மூன்றாவது வரிசையில், மைதானத்தின் நட்டநடுவில், ரேலீன் சட்டென்று நின்றார். அங்கே புல் மற்ற இடத்தைப் போலத்தான் இருந்தது. உச்சிவெயில். ரேலீனின் கைமுடிகள் குத்திட்டு நின்றன. எதிரே இருந்த வெறும் இடத்தைப் பார்த்து, "மன்னிச்சுக்கப்பா" என்று தணிந்த குரலில் சொன்னார். பிறகு ஓர் ஆள் அகலத்துக்கு விலகி, சுற்றிக்கொண்டு நடந்தார்.