ஜமால் பாயின் சரவெடி

கொள்ளிடக் கரையோரத்தில் ஒரு மீன் குட்டை. தென்னங்கீற்றுத் தட்டிக்குப் பின்னால் நானும் ஜமால் பாயும் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறோம். குட்டை அவருடையது. துபாயிலிருந்து திரும்பி வந்து கெண்டை வளர்க்கிறார். ஆற்றிலிருந்து ஏறி வரும் நீர்நாய்கள் அவற்றைத் தின்று தீர்க்கின்றன. நான் நீர்நாய்களைப் பார்க்க வந்திருக்கிறேன். அவர் விரட்ட வந்திருக்கிறார். அவர் மடியில் சரவெடி, சட்டைப் பையில் தீப்பெட்டி.

"நீங்க நல்லா பாத்துக்குங்க சார். பாத்து முடிச்சதும் சொல்லுங்க, கொளுத்திடுறேன்" என்கிறார் மரியாதையாக.

வெயில் தாழ்கிறது. கொசு பிடுங்குகிறது. நாணல் அசைந்து, ஒரு தாய் நீர்நாயும் மூன்று குட்டிகளும் வருகின்றன. தாய் முங்கி எழுந்து, வாயில் கெண்டையோடு கரையேறுகிறது. பாய் பல்லைக் கடிக்கிறார்.

கடைசிக் குட்டி மட்டும் முங்கி முங்கி வெறும் வாயோடு எழுகிறது. பாய் முன்னால் சாய்கிறார்.

"அங்க இல்லடா, மதகுப் பக்கம் போ. அங்கதான் தீனி போடுவேன்" என்று முணுமுணுக்கிறார்.

குட்டி நிஜமாகவே மதகுப் பக்கம் நீந்துகிறது. தண்ணீர் கலங்குகிறது. குட்டி எழுந்து கரையேறும்போது அதன் வாயில், அதன் தலையைவிடப் பெரிய கெண்டை.

பாய் தன்னை மறந்து படபடவென்று கை தட்டுகிறார்.

சத்தம் கேட்டு, குட்டி வாயிலிருந்த மீனைக் கரையில் போட்டுவிட்டு ஓடுகிறது. நொடியில் நான்கும் நாணலுக்குள் மறைகின்றன. கெண்டை துள்ளிக் குட்டைக்குள் திரும்புகிறது. சரவெடி பிரிக்காமலே மடியில் கிடக்கிறது.

"பாவம் சார், சாப்பிடக்கூட இல்ல" என்கிறார் பாய். "நாளைக்கு வருமில்ல?"