அஞ்சலையின் வாயில் ஒரு கூழாங்கல்

போன செவ்வாய்க்கிழமை திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியின் (நிலக்கடலையைத்தான் இங்கே மல்லாட்டை என்கிறார்கள்) வாசலில் கை கட்டி நின்றேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்குப் பறிபோன வேலையைத் திரும்ப வாங்கித் தருவதற்காக.

சிபாரிசு செய்ய நான் யார்? எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ரயிலில் சோடா விற்றேன், சர்க்கஸில் கூடாரம் அடித்தேன். இப்போது விழுப்புரத்தில் ஒரு அச்சாபீஸில் இருக்கிறேன் — எத்தனை நாளைக்கோ! ஆனால் ஞாயிறு காலை ரயிலில் திண்டிவனம் போவது மட்டும் தவறுவதில்லை. அங்கே ஒரு டாக்டரின் மனைவி, கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கு இலவசமாக வகுப்பு நடத்துகிறார். பிள்ளைகளுக்கு அவர் டீச்சரம்மா. நகம் வெட்டிவிடுவது, சிரங்குக்கு மருந்து போடுவது, அ, ஆ எழுத வைப்பது... இதெல்லாம் என் பங்கு.

டீச்சரம்மா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். சண்டை போடாமல், வாயை மூடிக்கொண்டு ஒழுங்காக எழுதும் பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம். சிகரெட் பெட்டிக்குள் வருமே வெள்ளித்தாள், அதில் வெட்டியது. பங்குனி உத்திரம் வரும்போது யாரிடம் நட்சத்திரம் அதிகமோ, அவர்களுக்குப் புதுத் துணி. பெண்ணானால் சீட்டிப் பாவாடை, பையனானால் சட்டை.

யுத்த காலம். துணிக்கு நாமே கியூவில் நிற்கிறோம். கோணிச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்?

நான் சொன்ன அந்த ஒன்பது வயது அஞ்சலைக்குப் பாவாடைமேல் உயிர். போன வருஷம் மயிலம் உற்சவத்துக்குத் தெருவே போனபோது, கட்டத் துணியில்லாமல் அவள் மட்டும் குடிசைக்குள் இருந்தாளாம்.

ஆனால் ஒரு தொல்லை. பலப்பத்தைப் பிடித்தால் அவள் வாய் தானாகப் பாடும். நடவுப் பாட்டு, தாலாட்டு, எது வருகிறதோ அது.

"கிராமபோன் பொட்டிய முழுங்கிட்டா டீச்சரம்மா இவ!" என்பாள் அவளோடு படிக்கும் பக்கத்துக் குடிசை முனியம்மா. வகுப்பே சிரிக்கும். நட்சத்திரம் போய்விடும்.

"ஏண்டி பாடிக்கிட்டே இருக்கே?" என்று டீச்சரம்மா ஒருநாள் கேட்டார்.

"தெர்லீங்க டீச்சரம்மா. கை ஆடுனா வாயும் ஆடுது."

அதற்குமேல் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

திடீரென்று அஞ்சலை திருந்திவிட்டாள். வாரா வாரம் கல் மாதிரி உட்கார்ந்து எழுதினாள். நட்சத்திரங்கள் சேர்ந்தன. போன ஞாயிறு பாவாடை அவளுக்கே கிடைத்தது. சிவப்புப் பூப்போட்ட சீட்டி. வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். முகத்தில் மட்டும் சிரிப்பே இல்லை.

முனியம்மாதான் என் காதருகே வந்து சொன்னாள்: "அவள மண்டிய வுட்டு தொரத்திட்டாங்க சார். கல்லால."

"கல்லால் அடித்தார்களா?"

"இல்ல சார். அவ வாயில இருந்த கல்லால."

பாட்டு வராமலிருக்க வாயில் ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொண்டுதான் அஞ்சலை வகுப்பில் எழுதியிருக்கிறாள். பழக்கம் அடியோடு விடட்டும் என்று, அம்மாவோடு மல்லாட்டை உரிக்கப் போகும் இடத்திலும் கல்லை அடக்கியிருக்கிறாள். அங்கேதான் வினை.

செவ்வாய்க்கிழமை அந்த மண்டிக்குப் போனேன். கொட்டகை நிறையப் பெண்களும் குழந்தைகளும் தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். என்ன சந்தோஷமான இடம் என்று ஒரு நிமிஷம் நானே ஏமாந்தேன்.

"பாட்டு கொறையுது! யார்டி அது மூலையில?" என்று மேஸ்திரி அதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாடற வாயி தின்னாது சார். அதான் இங்க சட்டம். பாட்டு நின்னா பருப்பு உள்ள போவுதுன்னு அர்த்தம்."

"அஞ்சலை நல்ல பொண்ணுங்க."

"நல்ல பொண்ணுன்னா பாடுமே சார்? கன்னத்த உப்பிக்கினு கம்முனு குந்தியிருந்தா. வாயில வெரல வுட்டுப் பாத்தா... கல்லு! பருப்ப முழுங்கிட்டு என்னையே ஏமாத்தப் பாக்குதுன்னு நெனச்சிட்டேன்."

நட்சத்திரக் கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, நாளைக்கி வரச் சொல்லுங்க. கல்லு கில்லு கூடாது. வாயி நிக்கக் கூடாது. அப்புறம்... அந்தப் புதுப் பாவாடைய கட்டிக்கினு வரக் கூடாது. மடிப்பு மடிப்பா இருக்கும். பருப்ப ஒளிக்கத் தோதாப் பூடும்."

மூன்றுக்கும் சம்மதம் சொல்லிவிட்டு, அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். நல்ல மனுஷி. கண் கலங்கிவிட்டது.

"இனிமே வகுப்பிலே நீ பாடலாம் அஞ்சலை. இஷ்டம் போலப் பாடு" என்றார்.

அஞ்சலை சந்தோஷப்படவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"பாடுனா நச்சத்திரம் உண்டா, இல்லியா? மொதல்லயே சொல்லிடுங்க டீச்சரம்மா."

டீச்சரம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை... உங்களில் யாருக்காவது தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.