உத்தரத்தில் தொங்கிய உலக்கை

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரை சிம்மக்கல்லில் ஒரு வளவில் குடியிருந்தோம். நடுவில் முற்றம், சுற்றிலும் ஐந்து குடித்தனம். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஐந்து வீட்டிலும் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு விஷயத்தை மறைத்து வைக்க என் அம்மா படாத பாடு பட்டாள். அதில் போனது என் முதுகு.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பாவாடைக் கரை ஒரு பக்கம் மட்டும் ஏறி நிற்கிறதே என்று முதலில் கவனித்தவள் அம்மாதான். தையலைப் பிரித்து மறுபடி தைத்தாள். அப்போதும் ஏறியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். படம் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. சில பிள்ளைகளுக்கு வளரும் வயதில் இப்படி வரும், யார் மேலும் குற்றமில்லை என்றார் டாக்டர்.

அங்கே பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு அம்மா இருந்தார். கறாரான ஆள். வலப்பக்கம் துருத்திய விலாவுக்கு அடியில் போர்வையைச் சுருட்டி வைத்து ஒருக்களித்துப் படுக்க வேண்டும். கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும். கண்ணாடி முன் நின்று, பள்ளமாகிப்போன இடது விலாவுக்குள் மூச்சை இழுத்து நிரப்ப வேண்டும்.

“நேராயிரும்னு நான் சொல்லல. வளத்தி நிக்கிற வரைக்கும் விடாமச் செஞ்சா இதுக்கு மேல வளையாம நிறுத்தப் பாக்கலாம். விட்டுறாதத்தா” என்றார்.

கம்பிக்கு எங்கே போவது? அப்பா உத்தரத்திலிருந்த ஊஞ்சல் கொக்கிகளில் கயிறு கட்டி, அம்மாவின் உலக்கையைக் குறுக்கே மாட்டினார். அதில் தொங்கிவிட்டு இறங்கினால் கொஞ்ச நேரத்துக்கு உடம்பே லேசாக இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தாள். “என்ன மதினி, பிள்ளைய உத்தரத்துல தொங்க விட்டுருக்கீக?”

“உசரமாகணும்னு ஆசப்படுறா” என்று அம்மா கூசாமல் சொன்னாள். முதல் பொய் அது.

கொஞ்ச நாளில் அக்காவுக்குத் திருமங்கலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அன்று சாயங்காலமே அம்மா உலக்கையை இறக்கச் சொன்னாள்.

“தங்கச்சிக்குக் கூனுன்னு தெரிஞ்சா மூத்தவளுக்கும் இருக்குமோ, பிறக்கப்போற பிள்ளைக்கு வருமோன்னு யோசிப்பாக. உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? கல்யாணம் முடியட்டும், அப்பறம் தொங்கு.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவரே கயிற்றை அவிழ்த்தார். படுத்துச் செய்வதையாவது செய்கிறேன் என்றேன். பட்டப்பகலில் கதவைச் சாத்தினாலும், ராத்திரியில் விளக்கு எரிந்தாலும் ஏன் என்று கேட்பார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்களாம்.

அதற்குப் பதிலாக அம்மா எனக்குத் தாவணி போட்டுவிட்டாள். இடது தோள் இறக்கம் தெரியாதபடி ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துத் தைத்தாள். அம்மாவின் தையல் அவ்வளவு நேர்த்தி, தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று, ஒளித்து வைத்தால்தான் சந்தேகம் வரும், சின்னவளையும் பார்க்கட்டும் என்று பலகாரத் தட்டை என் கையில் கொடுத்து அனுப்பினாள். நிமிர்ந்தே நடக்க வேண்டும், முதுகைக் காட்டித் திரும்பக் கூடாது என்று உத்தரவு. ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் குனிந்து தட்டை நீட்டினேன். அவர் சிரித்தபடி ஒரு லட்டை எடுத்துக்கொண்டார். சம்பந்தம் முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. உலக்கை அடுப்படி மூலையிலேயே நின்றது. கல்யாணம் முடிந்ததும் கேட்டேன். “புதுசாக் கட்டிக் குடுத்த எடம், அவளுக்கு ஒரு பிள்ள தங்கட்டும்” என்றாள் அம்மா. இதற்குள் உட்கார்ந்து எழுதினால் முதுகு கடுக்க ஆரம்பித்திருந்தது. பஞ்சின் கனமும் கூடிக்கொண்டே வந்தது.

அக்காவின் வளைகாப்புக்குத் திருமங்கலம் போனோம். அவள் மாமியார் என் கன்னத்தில் சந்தனம் தடவி, ஆசையாகத் தோளில் தட்டிக்கொடுத்தார். கை பஞ்சில் அமுங்கியது. தடவிப் பார்த்தார். என்னைத் தனியே அழைத்துப்போய் அம்மாவையும் கூப்பிட்டார்.

“இதுக்கா மதினி இம்புட்டுப் பாடு? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே பாத்துட்டேனே. தட்ட நீட்டக் குனிஞ்சாள்ல, ஒரு பக்க விலா மேல எந்திரிச்சு நின்னுச்சு. எங்க நாத்துனா மகளுக்கும் இப்பிடித்தேன். தொங்கவிட்டு, படுக்கவச்சு, என்னென்னமோ செய்யச் சொன்னாக. நீங்களும் செஞ்சுக்கிட்டுத்தேன் இருப்பீகன்னு நெனச்சேன். கேட்டா சங்கடப்படுவீகன்னு விட்டுட்டேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்த அம்மா, கையில் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

ஊர் திரும்பியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பயிற்சி அம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார்.

“இம்புட்டு நாளா எங்கத்தா போன?”

“எங்க அக்கா கல்யாணத்துக்கு” என்றேன்.

வளர்த்தி நின்றுவிட்டது, வளைவு நன்றாகவே கூடிவிட்டது என்றார் டாக்டர். இனிமேல் பயிற்சி வலிக்கும் மூச்சுக்கும்தான். அன்று விடாமல் செய்திருந்தால் நின்றிருக்குமா? யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். நின்றிருக்குமா என்று தெரிந்துகொள்ளக்கூட என்னை விடவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

அக்கா நன்றாக இருக்கிறாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். பயத்தில் செய்தாள் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சம்பந்தியம்மாவை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது. தங்கமான மனுஷி. எங்கள் மனசு நோகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார். அன்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மறுநாள் உலக்கை உத்தரத்துக்கு ஏறியிருக்கும்.

இப்போதெல்லாம் டவுன் பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ ஒரு பிள்ளையின் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தால், முன்பின் தெரியாதவர்களானாலும் பெற்றவளிடம் கேட்டுவிடுகிறேன். உன் வேலையைப் பார் என்று சிலர் திட்டுகிறார்கள். அன்று எனக்காக ஒருவரும் வாங்க முன்வராத திட்டு அது என்று நினைத்துக்கொள்கிறேன்.