கிரகணத்துக்கு வெட்டிய எக்ஸ்ரே

ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல வருடமாக நினைத்திருக்கிறேன். விலாசம்தான் தெரியாது.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய செவன் ஹில்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ரஷ்யக்கார அன்ரி தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியவர். பள்ளிக்கூடம் விட்டால், அம்மா வேலையால் வரும்வரை நானும் தம்பியும் அவர் வீட்டில்தான். யன்னல் திரைகளை எப்போதும் மூடியே வைத்திருப்பார். அது எங்களுக்குப் பெரிய பகிடி.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு சூரிய கிரகணம் வந்தது. "ஊரில நாங்கள் எக்ஸ்ரே படத்துக்குள்ளாலதான் பாத்தனாங்கள். இங்க எக்ஸ்ரேயும் கொம்பியூட்டருக்குள்ள போயிட்டுது" என்று அம்மா அலுத்துக்கொண்டார். எனக்கு உடனே அன்ரியின் மேசை லாச்சி ஞாபகம் வந்தது. அதற்குள் பேப்பரில் சுற்றியபடி வட்டமாக வெட்டிய ஒரு எக்ஸ்ரே கிடந்தது. யாருடையவோ விலா எலும்புகள், நடுவில் ஓட்டை. ஓட்டை விழுந்தது யாருக்கு உதவும் என்று நானே தீர்ப்புச் சொல்லி, அவர் கடைக்குப் போன நேரம் எடுத்துவந்துவிட்டேன். அடுத்த நாள் காலை அதைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, எனக்கொன்று, தம்பிக்கொன்று. சூரியன் கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கிறது என்றான் தம்பி. அப்படிப் பார்ப்பது கண்ணுக்குக் கூடாதாம், அதுவும் பிறகுதான் தெரிந்தது. துண்டுகள் குப்பை வாளிக்குள் போயின.

இரண்டு நாள் கழித்து அன்ரி எங்கள் குசினியில் வந்து நின்று அழுதார். அவருடைய இளமைக் காலத்தில், சோவியத் அரசுக்குப் பிடிக்காத பாட்டுகளைக் கடையில் வாங்க முடியாதாம். ஆஸ்பத்திரி கழித்துவிட்ட எக்ஸ்ரே படங்களில் அவருடைய அண்ணன் களவாகப் பாட்டுப் பதிந்து, இசைத்தட்டாக விற்றிருக்கிறார். பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. மிஞ்சிய ஒரே தட்டு அது. அதில் பாடியிருந்ததும் அண்ணன்தான்.

தான் கடைக்குப் போயிருந்தபோது யாராவது வந்தார்களா என்று என்னை ஆங்கிலத்தில் கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வேறொன்று வந்துவிட்டது.

"யெஸ். டூ மென்."

கேட்காமலே அவர்களுக்குக் கறுப்புக் கோட்டும் மாட்டிவிட்டேன்.

அன்ரியின் அழுகை சட்டென்று நின்றது. அன்றைக்கே பூட்டை மாற்றினார். நாங்கள் தட்டினாலும் கதவு திறக்கவில்லை. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு, போகிற இடம் சொல்லாமல் போய்விட்டார். அந்த மாதம் முழுக்க நான் வேலிக்கு இந்தப் பக்கம்தான் விளையாடிக்கொண்டிருந்தேன். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அப்பா என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பூட்டையும் மாற்றினார். பெரிய ஆட்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஊரில், பிறகு திரும்பியே வராத எங்கள் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வந்ததும் இரண்டு பேர்தான் என்று எனக்கு அப்போது ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.