கத்திரிப் பாத்திக்கு நான் அடித்த மருந்து

எங்கள் அத்தை கொரட்டூரில் விவசாயம் பார்த்தாள் என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். ஏரிப்பக்கம் வீடு கட்டாமல் கிடந்த நாலு மனையைச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி, ஒரு பக்கம் கீரையும் ஒரு பக்கம் கத்திரியும் போட்டிருந்தாள். கூட நாலு பெண்கள். நாலு பேரும் புருஷன் விட்டுப்போய்ப் பிள்ளைகளோடு நின்றவர்கள். ரசாயன உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. சாணம், வேப்பெண்ணெய், அதற்கு மேல் ஆண்டவன் விட்ட வழி. பறித்ததில் முதல் கூடை அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு. மீதி முகப்பேர் ஃப்ளாட் வீடுகளுக்கு. அவர்கள் வாங்குவதை நம்பித்தான் அந்த நாலு வீட்டிலும் உலை கொதித்தது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது கத்திரியில் புழு விழுந்தது. ஒரு சனிக்கிழமை அத்தையோடு நானும் காய் கொடுக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டம்மா காயை நறுக்கிக் காட்டினார்.

“நல்ல மனசோடதான் வாங்குறோம். அதுக்காகப் புழுவைக் குழம்பு வைக்க முடியுமா? அடுத்த வாரமும் இப்படின்னா வேணாங்க.”

வீட்டுக்கு வந்தால் அப்பா வேறு, “நான் அப்பவே சொன்னேன், மூட்டையைக் கட்டு” என்றார்.

மூட்டை கட்டினால் அந்த நாலு பேரும் எங்கே போவார்கள்? ஒருத்தியின் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். நான் முடிவெடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், சமையலறைப் பரணில் இருந்த கரப்பான் மருந்து டப்பாவைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து ஆறு பாத்திக்கும் அடித்தேன். டப்பா காலியாகும்வரை அடித்தேன். இலையெல்லாம் பளபளவென்று ஆனது. ரொம்பத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு பறிக்கப் போன அத்தை பாத்தி ஓரத்திலேயே நின்றுவிட்டாள். பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன. தேனீ செத்திருந்தது, எறும்பு செத்திருந்தது. காய்க்குள் இருந்த புழு மட்டும் சௌக்கியமாக இருந்தது.

கூட வந்த பெண் ஒருத்தி இலையை மோந்து பார்த்தாள். “இன்னாக்கா, கரப்பான் மருந்து நாத்தம் அடிக்குது?”

“நான்தான் அடிச்சேன்” என்றேன். பாராட்டுவார்கள் என்று நினைத்தேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் செடியைப் பிடுங்கினாள். சேதி கேட்டு அப்பா ஓடி வந்தார்.

“பைத்தியமா உனக்கு? கழுவிக் குடுத்தா முடிஞ்சுது. ஊரே மருந்தடிச்ச காயைத்தான் துன்னுகினு கீது.”

“ஊரு தெரியாம துன்னுது. நான் தெரிஞ்சே கொழந்தைங்களுக்குக் குடுக்கவா?”

ஆறு பாத்தியும் வெறும் மண்ணாகும்வரை அவள் நிமிரவில்லை.

அன்றும் முகப்பேருக்குப் போனோம், கீரையை மட்டும் எடுத்துக்கொண்டு. ஒவ்வொரு வாசலிலும் அத்தை ஒன்றையே சொன்னாள். “கத்திரிக்கா இல்லம்மா. புழுவுக்குப் பயந்து நான் மருந்தடிச்சிட்டேன். தப்பு. எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். திங்கக்கிழமை புதுசா விதைக்கிறேன்.”

“அப்ப இத்தனை நாளா என்னென்ன அடிச்சீங்களோ!” என்றார் ஒருவர். மூன்று வீட்டில் இனிமேல் வர வேண்டாம் என்றார்கள். அத்தை நாலாவது வீட்டு மணியை அடித்தாள். அங்கேயும் அதையேதான் சொன்னாள்.

திரும்பும் வழியில் தெருமுனைப் பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு பதினொரு தோப்புக்கரணம் போட்டேன். பதினொன்றும் அத்தைக்காக. அடிக்காத மருந்தை அடித்தேன் என்று அத்தனை வாசலிலும் பொய் சொன்னாளே, அந்தப் பாவம் அவளுக்குச் சேரக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன். எனக்காக ஒன்றுகூடப் போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றவும் இல்லை.