மூட்டைக்குள் சூடு

ஊறவைத்த விதைநெல்லைச் சாக்கில் கட்டி முளைக்க வைத்திருந்தோம். புரட்டாசி மழை விடவில்லை. நனையக்கூடாதென்று என் கணவர் அதன்மேல் தார்ப்பாயை இறுக்கிச் சுற்றினார். "சூடு இருந்தாத்தான் முளை வரும்," என்றார்.

மறுநாள் காலை மூட்டைக்குள் கைவிட்டேன். காய்ச்சல் அடிக்கும் குழந்தையின் வயிற்றைத் தொட்டதுபோல் இருந்தது. நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். ஒவ்வொரு நெல்லும் தன் மாவைக் குளுக்கோஸாக்கி, ஆக்சிஜனைக் கொண்டு எரித்து, முளைவிடத் தெம்பு தேடுகிறது. அந்தச் சூடுதான் இது. காற்று தீர்ந்தால்? குளுக்கோஸ் முழுதாக எரியாமல் சாராயமாகும், தெம்பு துளிதான் கிடைக்கும். இதைக் கரும்பலகையில் எழுதும்போது ஒருநாளும் பயந்ததில்லை.

கையை எடுத்து முகர்ந்தேன். புளித்த கள்ளின் வாடை.

"அவிழுங்க! மூச்சு முட்டுது அதுக்கு!" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே அவிழ்த்தார். ஓரத்து நெல்லில் வெள்ளை முளை எட்டிப்பார்த்தது. நடுவில் அள்ளியதில் ஒன்றுகூட இல்லை. அவர் சிரிப்பு நின்றது.

மதியம் அவர் தலையோடு போர்த்திப் படுத்திருந்தார். போய்ப் போர்வையை இழுத்தேன்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லீங்க."

அவர் கண் விழிக்கும் முன்பே நான் அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டதைச் சொல்லவில்லை.